திரைக்குக் கொடுக்கும் விலையும் வீட்டுக்கு வரும் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, மிச்சமாகும் தொகையை அப்படியே உயர்ரக மாடலில் போடச் சொல்லும் பேச்சைக் கடைகளில் அடிக்கடி கேட்க முடிகிறது. அட்டையில் அடுக்கப்படும் வசதிகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

கேபிளில் எஸ்டி எனப்படும் சாதாரணத் தரத்தில் வரும் சேனலின் படத்தில் 720-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகளே உள்ளன. 4கே திரையிலோ ஏறத்தாழ 83 லட்சம். வரும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளிகளைப் பெட்டியே ஊகித்து நிரப்ப வேண்டியிருப்பதால்தான், 55 அங்குலத் திரையில் மாலைத் தொடர்களைப் பார்க்கும்போது முகங்கள் மெழுகு பூசியதுபோலத் தெரிகின்றன. பழைய பெட்டியே தேவலை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எச்டி செட்டாப் பாக்ஸ் வாங்கியும் அதை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஒயரிலேயே இணைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒயரில் எச்டி படம் வராது; எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றை மாற்றினாலே போதும்.

தூரமும் முக்கியம். 43 அங்குல ஃபுல் எச்டி திரையின் புள்ளிகளை, இயல்பான பார்வை உள்ளவர்கூட ஆறடிக்கு அப்பால் பிரித்தறிய இயலாது. பத்தடி தள்ளி சோபா போட்டிருக்கும் கூடத்தில், 4கே-யைவிடவும் கூடுதல் புள்ளிகள் கொண்ட 8கே திரைக்குக் கொடுக்கும் பணம் வீண்தான்.

அதிகம் ஏமாற்றுவது எச்டிஆர் என்ற சொல். படத்தின் வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை இது. எச்டிஆர்10 என்று அச்சிட்டிருந்தால், அந்த வகைப் படத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதைக் காட்டும் ஒளிர்வு திரைக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். 1,000 நிட்ஸ் (ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளிர்வை மனத்தில் வைத்து வண்ணம் சீர்செய்யப்பட்ட படம், 300 நிட்ஸ் திரையில் பல நேரம் மங்கலாகவே தெரியும். கடையில் இந்த வேறுபாடு புலப்படாது. அங்கு பெட்டிகள் கண்ணைப் பறிக்கும் ‘ஸ்டோர் மோடில்’ வைக்கப்பட்டு, கிளிகளும் பழங்களும் மாறி மாறி வரும் விளம்பரப் படத்தையே ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் வசதி, பிளேஸ்டேஷன் 5 போன்ற விளையாட்டுக் கருவிகளில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பயன்படும். படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது அவ்வளவு தேவையில்லை; திரைப்படம் பொதுவாக நொடிக்கு 24 ஃபிரேம்களில்தான் எடுக்கப்படுகிறது.

கூடுதல் விலைக்கு உண்மையிலேயே ஈடு கொடுப்பது ஓஎல்இடி திரையின் கருமை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தனியே ஒளிர்ந்து தனியே அணைவதால், இரவில் விளக்கணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். பெயர் ஒத்திருந்தாலும் க்யூஎல்இடி, பின்விளக்கு கொண்ட எல்சிடி வகையே. ஆனால் பகல் வெளிச்சம் நேரே விழும் கூடத்துக்கு, நல்ல ஒளிர்வுள்ள அந்த வகையே பொருத்தமாகவும் இருக்கலாம்.

மின்செலவுக்கு நட்சத்திர முத்திரை ஒட்டுவதுபோல, திரையின் உச்ச ஒளிர்வையும் நிட்ஸ் அளவில் அட்டையில் அச்சிடுவதை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். கடைக்காரர்களும் வாடிக்கையாளர் கேட்டால், பெட்டியை ‘ஹோம் மோடுக்கு’ மாற்றி, சாதாரணக் கேபிள் சேனல் ஒன்றை ஓடவிட்டுக் காட்ட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.