எண்ணூர் வாளிகளும் நம் ஆலைக் கழிவுப் பஞ்சும்: கொங்கு நாட்டு நூற்பாலையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களின் நூற்பாலை உரிமையாளர்களுக்கும், கழிவுப் பஞ்சிலும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலையினருக்கும், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைக்காரர்களுக்கும், அவர்தம் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பல்லடத்தை அடுத்த ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தோராண்டுகள் பஞ்சைச் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். கடலில் கொட்டும் எண்ணெயைப் பற்றி, கடற்கரையே இல்லாத ஊரிலிருந்துகொண்டு, கடலோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத உங்களுக்கு ஒருவன் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மட்டமென்று விலை குறைத்துத் தள்ளும் ஒரு சரக்கு அந்த எண்ணெயை அள்ள உதவும் என்பதையும், அதை அளந்து பார்த்து ஆயத்தமாக வைக்கும் வசதி நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று விடியும் முன்னே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றொன்று எண்ணெய் ஏற்றி வந்த கப்பல். கொட்டியது கன எரிஎண்ணெய், அதாவது தார் போலக் கெட்டிப்படும் சரக்கு. அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சியில் நாமெல்லாம் பார்த்தது நினைவிருக்கும்: மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பாறை இடுக்குகளில் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளில் கறுப்புக் குழம்பை மொண்டு கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆலையின் உணவகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த, பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் ப்ளோரூம் தொழிலாளி ஒருவர், "ஏனுங்க சார், நம்மகிட்ட இருக்கற வேஸ்ட்டு பஞ்சுல நாலு லோடு அனுப்புனா ஒத்தி எடுத்துருக்கலாமுங்களே" என்றார். அன்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். சிரித்திருக்க வேண்டியதில்லை. சரியாக நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், அதே ஜனவரி 28-ஆம் நாள், 1969-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசிந்தபோது, அமெரிக்கர்கள் வைக்கோலைத் தூவித்தான் எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பின் சென்னையில் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியிருந்தது. மகனை அழைத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். கரையேற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளில் தண்ணீர் மட்டம் நின்ற உயரம் வரை கறுப்புக் கோடு. வலைகள் குவியலாகக் கிடந்தன. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன், கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலை பாய் போல வந்தது. அங்கிருந்த அம்மா ஒருவர், "தொட்டா கை அரிக்கும் ஐயா, வைங்க" என்றார். பிறகு அவராகவே, "இந்தப் பக்கத்து மீனுன்னு சொன்னாலே மார்க்கெட்ல வாங்க மாட்றாங்க. வலை போனா வாங்கிக்கலாம், பேரு போனா என்னா பண்றது?" என்று சொன்னார். மறுநாள் காலை என் விரல் நகத்தடியில் அந்தக் கறுப்பு இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத்தான் போயிற்று.

எண்ணெய் கடலுயிரை என்ன செய்கிறது என்பதை நம் தொழில் மொழியிலேயே சொல்ல முடியும். கடற்பறவையின் இறகு ஒரு நெசவு. நுண்ணிய இழைகள் கொக்கிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தண்ணீர் புகாத துணியாக நிற்கின்றன. உள்ளே அடைபட்ட காற்றுதான் அதன் குளிர் காப்பும் மிதவையும். எண்ணெய் பட்டதும் கொக்கிகள் நழுவி நெசவு கலைகிறது. தண்ணீர் உள்ளே போகிறது. பறவை குளிரில் விறைக்கிறது, அல்லது மிதக்க முடியாமல் மூழ்குகிறது. அலகால் இறகைக் கோதிச் சரிசெய்ய முயலும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது. மீன் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் வருவது கண்ணுக்குத் தெரியாத கேடு: எண்ணெயில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மிகக் குறைந்த அளவிலேயே வளரும் குஞ்சின் இதயத்தைக் கோணலாக்குகின்றன. சதுப்புநிலக் காட்டின் அலையாத்தி மரங்களோ, சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சு வேர்களின் துளைகள் அடைபட்டு மெல்ல மெல்லச் சாகின்றன.

இதைத் துப்புரவு செய்யும் முயற்சிகளே சில வேளைகளில் எண்ணெயைவிடப் பெரிய கேடாக முடிந்திருக்கின்றன. 1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்னும் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் பாறையில் ஏறி ஏறத்தாழ 1.2 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் கொட்டியபோது, அதைக் கரைக்க அள்ளித் தெளித்த சலவை இரசாயனங்கள் எண்ணெய்க்குத் தப்பிய கிளிஞ்சல்களையும் பாறை நத்தைகளையும் கொன்றன. மேய்வதற்கு நத்தை இல்லாமற்போகவே பாறைகளில் பாசி பச்சைக் கம்பளமாக மூடிக்கொண்டது. 1989-இல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் தரை தட்டிய பிறகு, கூழாங்கல் கரைகளை வெந்நீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட கரைகளைவிடக் கழுவிய கரைகளில் உயிர் திரும்பத் தாமதமாயிற்று. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்துப் பதினொரு பேர் மாண்டு, 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டபோது, எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் சிதறடிப்பான் இரசாயனம் ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் ஊற்றப்பட்டது. சிதறடிப்பான் எண்ணெயைக் கண்ணிலிருந்து மறைக்கிறது, கடலிலிருந்து எடுப்பதில்லை. திறந்த கடலில், பறவைக் கூட்டத்தையோ சதுப்புநிலத்தையோ காக்க வேறு வழியில்லாதபோது அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எடுக்க முடிந்த எண்ணெயை எடுத்துவிடுவதற்கு இணையான வழி கிடையாது. மிதவைத் தடுப்பு கட்டி ஓரிடத்தில் நிறுத்துவது, மேலாடை எடுப்பதுபோல் இயந்திரத்தால் வழித்தெடுப்பது, மிஞ்சியதை உறிஞ்சு பொருளால் ஒற்றியெடுப்பது என்பதே அதற்கான முறை. நம் பஞ்சுக்கு வேலை இந்த மூன்றாவது கட்டத்தில்.

இப்போது உலகமெங்கும் இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் விரிப்புகள். அவை மிதக்கின்றன, தண்ணீரை ஏற்பதில்லை, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் அவையும் பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக்தான். கடலில் தப்பிப்போன துண்டு மட்குவதில்லை.

ஓய்வு பெற்ற பின் வீட்டுத் திண்ணையில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று எவர்சில்வர் அன்னக்கூடைகளில் லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர் நிரப்பி, மேலே லாரிப் பட்டறையில் வாங்கி வந்த பழைய இன்ஜின் ஆயிலை ஒவ்வொரு தம்ளர் ஊற்றினேன். முதலாவதில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் போட்டேன். வெளுத்த துணி அல்லவா, நொடியில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, எண்ணெய் மேலே அப்படியே நின்றது. இரண்டாவதில் பொள்ளாச்சித் தென்னை நார்த்தூள். அதுவும் முதலில் தண்ணீரைத்தான் குடித்தது. மூன்றாவதில் ஜின்னிங் ஆலையிலிருந்து வந்த, மைக்ரோனேர் (இழையின் மென்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு) குறைந்த, முதிராத பஞ்சை உதிர்த்துப் போட்டேன். அது மிதந்தது. ஓரத்திலிருந்து கறுப்பு மெல்ல ஏறியது. சிறிது நேரத்தில் பஞ்சு முழுவதும் கறுத்து, சுற்றிலும் தண்ணீர் தெளிந்துவிட்டது. எடுத்துப் பிழிந்தேன், வந்தது எண்ணெய். மறுபடி போட்டேன், மறுபடியும் குடித்தது. வேடிக்கை பார்த்த என் மனைவி, என் அன்னக்கூடை போச்சே என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

காரணம் நீங்கள் அறிந்ததுதான். கச்சாப் பஞ்சின் மேல் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுகூட இல்லாத இயற்கை மெழுகு இருக்கிறது. சாயப்பட்டறைக்கு அது பகை. காரத்தில் வேகவைத்து அதை நீக்கிய பிறகே துணி சாயத்தை ஏற்கும். அந்த மெழுகுதான் தண்ணீரைத் தள்ளி எண்ணெயை அழைக்கிறது. முதிராத இழை தட்டையாகவும் மெலிந்தும் இருப்பதால், அதே எடைக்கு எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் பரப்பு அதிகம். அமெரிக்காவின் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், மைக்ரோனேர் குறைந்த பஞ்சு தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கும் மேலான கச்சா எண்ணெயைப் பிடித்துவைத்தது. மைக்ரோனேர் மூன்றுக்குக் கீழே இறங்கினால் நெப்ஸ் என்னும் சிறு இழை முடிச்சுகள் விழும், சாயம் திட்டுத் திட்டாக ஏறும் என்று நான் எத்தனை லாட்டுகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். நூலுக்கு ஆகாத அந்தக் குறையே இதற்குத் தகுதியாகிறது.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2020 ஜூலையில் மொரீஷியஸின் பவளப்பாறையில் வகாஷியோ என்னும் கப்பல் ஏறி, ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தபோது, அந்தத் தீவின் மக்கள் அரசின் கருவிகளுக்குக் காத்திராமல், கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து, காலிப் பாட்டில்களை மிதவையாகக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் தடுப்பு தைத்துக் கடலில் இறக்கினார்கள். தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்தார்கள். கரும்புச் சோகைக்கும் தையலுக்கும் நம்மிடத்தில் பஞ்சமா?

இதிலுள்ள சிக்கல்களை மறைத்து உங்களைத் தூண்டிவிட எனக்கு விருப்பமில்லை. எண்ணூரில் 2017-இல் கொட்டியது போன்ற கெட்டி எண்ணெய், நீரோடு அடிபட்டுக் குழம்பான பிறகு, எந்தப் பஞ்சுக்குள்ளும் எளிதில் ஏறாது. அங்கே வாளிக்கும் அகப்பைக்கும் வேலை இருந்தே தீரும். பஞ்சு கைகொடுப்பது டீசல், இன்ஜின் ஆயில், இலேசான கச்சா எண்ணெய் ஆகியவற்றிலும், முகத்துவாரத்தில் மிஞ்சி மிதக்கும் படலத்திலும்தான். அடுத்தது விலை. பஞ்சைச் சீவும்போது விழும் கழிவுகளான கோம்பர் நாயிலுக்கும் ஃபிளாட் ஸ்ட்ரிப்புக்கும் ஓப்பன் எண்ட் ஆலைகள் நல்ல விலை கொடுக்கின்றன. அவற்றைக் கடலுக்கு அனுப்பச் சொல்வது நடவாத பேச்சு. நான் கேட்பது ஜின்னிங்கிலும் ப்ளோரூமிலும் கடைசியாக விழும், நூற்கவே உதவாத சரக்கை. தூசியும் கொட்டைத் துணுக்கும் கலந்த அந்தச் சரக்கு எவ்வளவு எண்ணெயைப் பிடிக்கும் என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். மூன்றாவது, எண்ணெய் தோய்ந்த பஞ்சு தீக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஆலை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அபாயகரமான கழிவு, சிமென்ட் சூளையில் எரிப்பதற்கு அனுப்ப வேண்டியது. சாயக் கழிவுநீரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கசடைச் சிமென்ட் ஆலைகளுக்கு ஏற்றிய அனுபவம் திருப்பூருக்கு இருப்பதால், அந்த வழியின் மேடு பள்ளங்களும் நமக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு சங்கமும் ஒரு பருவத்துக் கழிவில் சில பேல்களை ஒதுக்கட்டும். அதை, ஊசியால் குத்தி இழைகளைப் பிணைக்கும் ஊசித்துளை முறையில் நெய்யாத விரிப்பாகவும், வலைத்துணியில் அடைத்த உருளைத் தடுப்பாகவும் செய்து, கோவையிலுள்ள சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வு நிலையத்தில் டீசலிலும் கச்சா எண்ணெயிலும் உலை எண்ணெயிலும் தனித்தனியே சோதிக்கட்டும். எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு நேரம் மிதக்கிறது, எத்தனை முறை பிழியலாம் என்ற கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். ஒன்றிய அரசு 2020-இல் ரூ.1,480 கோடி ஒதுக்கீட்டில் அறிவித்த தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தைப் பற்றிக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். சுற்றுச்சூழலுக்கான ஜவுளி என்று ஒரு பிரிவே அத்துறையில் இருக்கிறது. வாங்குவார் யார் என்று கேட்பீர்கள். கடலோரக் காவல்படையின் பொறுப்பிலுள்ள தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தின்படி, 700 டன் வரையிலான கசிவை அந்தந்தத் துறைமுகமும் எண்ணெய் முனையமுமே தம் கருவிகளைக் கொண்டு முதலில் எதிர்கொள்ள வேண்டும். கருவி வாங்கி வைக்கக் கடமைப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக் கரையிலேயே வரிசையாக இருக்கிறார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கொட்டகைகளிலும் பத்துப் பத்துக் கட்டுகள் இருப்பது நல்லது. கரைக்கு எண்ணெய் வரும்போது முதலில் இறங்குகிறவர்கள் அவர்கள்தாம், கையுறையோடு இறங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கசப்பாக இருந்தாலும். கடலில் சேரும் எண்ணெய் எல்லாம் கப்பல் கொட்டியது அன்று. வட அமெரிக்கக் கடல்களைப் பற்றி அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, தரையிலிருந்து மழைநீரோடு வழிந்து வரும் எண்ணெயே அங்கு முதலிடம் பெறுவதாகச் சொல்கிறது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் ஆயில் மாற்றாத நாள் கிடையாது. பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு விற்கிற பட்டறைகள் பல. சாக்கடையில் சாய்க்கிறவையும் உண்டு. நம் ஆலைகளின் கியர் ஆயிலும் கம்ப்ரசர் வடிநீரும் எங்கே போகின்றன என்று நான் வேலை பார்த்த காலத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அது என் துறை இல்லை என்றிருந்துவிட்டேன். காவிரித் தண்ணீர் கடல் சேராத ஆண்டுகள் உண்டு. மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடம் இரு கரையும் புரளும் ஆண்டில், நொய்யலும் பவானியும் கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் ஒரே மூச்சில் கடலுக்குப் போகிறது. விரிப்பைச் செய்து பார்க்கிற ஆலை அதை முதலில் தன் சொந்த வடிகால் வாயிலில் கட்டிப் பார்க்கலாம். சோதனைக்குச் சோதனையும் ஆயிற்று.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கினால், மூன்று அன்னக்கூடைகளையும் நானே கொண்டுவருகிறேன். உப்பும் பழைய ஆயிலும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் ஆலையின் கழிவுப் பஞ்சில் ஒரு கைப்பிடி மட்டும் நீங்கள் எடுத்து வாருங்கள்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தரக்கட்டுப்பாட்டு ஊழியன்,
பல்லடம் வட்டம்