அதிமதுரமும் உங்கள் மருத்துவப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"அதிமதுரக் கசாயத்தை யாரும் எத்தனை நாளும் குடிக்கலாம், பக்கவிளைவே இல்லை" என்று கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்திருந்தது. எழுதியவரை ஒரு தடவை எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கு அழைத்து வாருங்கள், பிளேன்டீ தருகிறோம்.

என் மனைவி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், பிரஷருக்குக் குளிசை போடுபவர். போன மழைக்கு விடாத இருமல். உங்களைப் போல் யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டு மாதம் நாளுக்கு மூன்று கோப்பை அதிமதுரம். முதலில் கால் வீங்கியது. அப்புறம் ஒருநாள் வாசல் படியில் ஏழாவது படியோடு உட்கார்ந்துவிட்டார். தொடையைத் தூக்க முடியவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் அதே வெள்ளைக் குளிசைதான். டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 190க்கு 110, பொற்றாசியம் வெறும் 2.6, மிகக் குறைவு. சின்ன வயது டொக்டர் அரைகுறைத் தமிழில் முதலில் கேட்டதே, "அம்மா, வேர் ஏதும் குடிச்சதா?"

தங்களுக்குத் தெரியாததல்ல. நம் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஸ்டீரொயிட் ஓமோன் தாராளமாக ஓடுகிறது. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் அல்டோஸ்தெரோனின் பூட்டுக்கு இந்தச் சாவியும் பொருந்தும். பொருந்தவிடாமல் அதைக் கோர்ட்டிசோனாக மாற்றிவிடுவது பதினொரு பீட்டா எச்.எஸ்.டி. 2 என்ற நொதியம். அதிமதுரத்தின் கிளிசிரைசின் அந்தக் காவற்காரனையே கட்டிப்போடுகிறது. உப்பும் நீரும் தங்கும், பொற்றாசியம் வெளியேறித் தசை சோரும், பிரஷர் ஏறும். பிறவியிலேயே இந்த நொதியம் பழுதான பிள்ளைகளுக்கும் இதே கதிதான். 1946இலேயே ஒல்லாந்து டொக்டர் ஒருவர், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்து நோயாளிகள் வீங்கியதை எழுதிவைத்தார். உங்கள் பக்கத்துக்கு அது இன்னும் வந்துசேரவில்லை போலும்.

வேருக்கு நான் எதிரியில்லை. எங்கள் அம்மா கொத்தமல்லியிலேயே எங்களை வளர்த்தவர். ஆனால் மலையகம் என்றால் உங்களுக்குச் சிரிக்கும் கொழுந்துக்காரியின் படம், சம்பளப் பேச்சு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தமிழில் தரச் சொல்லி நான் எழுதிய கடிதம் எந்தக் குப்பைக்கூடையில் கிடக்கிறதோ!

சரி, பெரிதாகக் கேட்கவில்லை. பிரஷர்க்காரரும், சிறுநீர் கூடப் போக நீர்க்குளிசை போடுபவரும், கர்ப்பிணிகளும் அதிமதுரம் குடிக்க வேண்டாம் என்று அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். என் ஊர் மஸ்கெலியா. போன தடவை மாத்தளை என்று போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மஸ்கெலியா