நகுலுக்கு வரப்போகும் படிவம்

மயூர் விஹார், தில்லி

அன்பு மகள் வித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளை, நீ, நகுல் மூவர் நலமும் அறிய ஆவல். குரல் செய்தியாகவே அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன். அம்மா நடுநடுவே புகுந்து தன் கட்சியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால் இந்தக் கடிதம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படி.

ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். கிடைத்துவிட்டால் பதினெட்டு வயதில் நகுலுக்கு ராணுவத்திலிருந்து படிவம் வருமே, அப்போது என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். அம்மாவின் தீர்ப்பு உடனே வந்துவிட்டது: "பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும்." எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. பாலம் உலான் பாட்டர் சாலை அலுவலகத்தில் பாதுகாப்புக் கணக்குத் துறைக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். யார் செலவு, யார் தலையில் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. உன் கேள்வியும் அந்த இனத்தைச் சேர்ந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

2011இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்த நாடு ஜெர்மனி. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. மூன்றே நாளில், அப்போது சான்சலராக, அதாவது அவர்கள் பிரதமராக, இருந்த ஷோல்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, ராணுவத்துக்கென்று 10,000 கோடி யூரோ தனி நிதி என்று அறிவித்தார். 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தி, ராணுவச் செலவின் பெரும்பகுதியைக் கடன் வரம்புக்கு வெளியே எடுத்தார்கள். கடன் என்றாலே முகம் சுளிக்கும் நாடு என்று நீயே சொல்வாய் அல்லவா? 2025 மே மாதம் லித்துவேனியாவில் நிரந்தரமாக ஒரு படைப்பிரிவைத் தொடங்கிவைத்தார்கள். 2027க்குள் சுமார் 5,000 பேர் அங்கே இருக்க வேண்டுமாம். அதற்கு ஆள் வேண்டாமா? அதனால்தான் 2026 ஜனவரி முதல் அந்தப் படிவம். 2008இலும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்பிள்ளைகள் நிரப்பியே ஆக வேண்டும், பெண்களுக்கு விருப்பம். சேருவது இப்போதைக்கு அவரவர் இஷ்டம். ஆள் போதவில்லை என்றால் நாடாளுமன்றம் மறுபடி கூடிக் கட்டாயமாக்கலாம். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்க்கத்தான் எழுதினேன்.

எங்கேயோ நடக்கும் போருக்கு மியூனிக்கில் பள்ளிக்கூடம் போகும் பையன் ஏன் கணக்கில் வருகிறான் என்று போனில் கேட்டாய். கூட்டணி என்றால் அதுதான் அம்மா. 1949இல் பன்னிரண்டு நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நேட்டோ ராணுவக் கூட்டணியில் ஓயாத சச்சரவு ஒன்று உண்டென்றால் அது பங்குச் சண்டை. டிரம்ப் வந்து மூட்டியது என்று நம் தொலைக்காட்சிக்காரர்கள் பேசுகிறார்கள். பழைய விஷயம் தெரியாத பேச்சு. 1960களில் மேற்கு ஜெர்மனியில் நின்ற அமெரிக்கப் படைக்கு ஆகும் செலவை ஈடுகட்ட, ஜெர்மனி அமெரிக்க ஆயுதங்களை வாங்கியாக வேண்டும் என்று ஏற்பாடு. 1966இல் சான்சலர் எர்ஹார்ட் வாஷிங்டன் போய்த் தவணையைக் கொஞ்சம் தளர்த்தக் கேட்டார். அமெரிக்க அதிபர் ஜான்சன் இரங்கவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்பியவர் அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியை இழந்தார். அதற்குப் பல காரணம், இதுவும் ஒன்று. 1971இல் மான்ஸ்ஃபீல்டு என்ற செனட்டர் ஐரோப்பாவில் உள்ள அமெரிக்கப் படையைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானமே கொண்டுவந்தார். தோற்றுப்போனது, ஆனால் முணுமுணுப்பு போகவில்லை.

கிரிமியாவை ரஷ்யா பிடித்த பிறகு, 2014இல் வேல்ஸில் கூடி, ஒவ்வொரு நாடும் உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் ராணுவத்துக்கு என்று பேசிக்கொண்டார்கள். அன்று அந்த அளவைத் தொட்டவை மூன்றே நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். 2025 ஜூனில் ஹேக் நகரில் அதே கூட்டணி 2035க்குள் 5 சதவீதம் என்கிறது. பத்து ஆண்டு அதட்டலில் நகராததைப் போர் நகர்த்திவிட்டது.

அந்த ஐந்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றரைதான் நேரடி ராணுவச் செலவு. மிச்சம் ஒன்றரை சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு என்று "தொடர்புடைய" செலவு. சிசிலித் தீவுக்குக் கட்டும் பாலத்தையே இதில் காட்ட முடியுமா என்று இத்தாலியில் பேச்சு எழுந்தது. நேரடிச் செலவிலும் ஓய்வூதியம் அடக்கம். இங்கே ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ராணுவ ஓய்வூதியத்தைப் பாதுகாப்புச் செலவு என்று சொல்லலாமா கூடாதா என்று கேன்டீனில் வாக்குவாதம் நடக்கும். அங்கேயும் அதே கூத்துதான் என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம். சதவீதம் ஒரு விசித்திரமான பிராணி. எந்தத் தலைப்பில் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வளரும், சுருங்கும்.

யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதில் பூகோளம்தான் பேசுகிறது. நம் டிடிஏ குடியிருப்பில் லிஃப்ட் போட வேண்டும் என்றபோது தரைத்தளத்துக்காரர்கள் "எங்களுக்கு எதற்கு" என்று கேட்டது நினைவிருக்கிறதா? ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போலந்து மூன்றாம் மாடி. 2024இலேயே 4 சதவீதத்தைத் தாண்டி, தென்கொரியாவிலிருந்து டாங்கி, பீரங்கி என்று வாங்கிக் குவித்தது. தூரத்தில் இருக்கும் ஸ்பெயின் தரைத்தளம். 2.1 போதும், ஐந்தெல்லாம் முடியாது என்று ஹேக்கில் நேராகவே சொல்லிவிட்டது. ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை உள்ள ஃபின்லாந்து, அத்தனை காலம் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்துவிட்டு 2023 ஏப்ரலில் சேர்ந்தது. ஸ்வீடன் 2024 மார்ச்சில். நேட்டோ விரியக் கூடாது என்பதைப் போருக்குக் காரணமாகச் சொன்னவர் புதின். அவருடைய போரே அதற்கு இரண்டு உறுப்பினரைச் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பக்கமும் கூட்டு சேராமல் இல்லை. 2024 ஜூனில் வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கில் ரஷ்யா ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் இருந்தார்கள்.

சரி, பணம் கொடுப்பவனுக்குத்தான் பேச்சுரிமை என்று நினைப்போம். இந்தப் போரில் அதுகூட அப்படியே நடக்கவில்லை. 2025 பிப்ரவரிக் கடைசியில் வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோடு நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, மார்ச்சில் அமெரிக்கா ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் சில நாட்கள் நிறுத்தியது. ஐரோப்பா எத்தனை யூரோ கொட்டியும் அந்தத் தகவலுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அதே ஆண்டு கோடையில் புது ஏற்பாடு: உக்ரைனுக்கு அமெரிக்க ஆயுதம் போகும், விலையை ஐரோப்பியர் கட்டுவார்கள். எர்ஹார்ட் காலத்து ஏற்பாட்டுக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்காக 9,000 கோடி யூரோ கடன் வாங்க முடிவு செய்தபோது ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் செக் நாடும் பொறுப்பில் சேராமல் விலகிக்கொண்டன. ஒரே கூட்டு, ஒரே அடுப்பு என்பதெல்லாம் மேடைக்கு.

இதில் நம் வீட்டுக் கதையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என் உத்தியோகத்துக்கே அவமரியாதை. நகுல் பள்ளியில் இரண்டாம் உலகப் போரைப் படிக்கிறான், ஆனால் இந்தப் பக்கம் அந்தப் பாடத்தில் வராது. 1939 இறுதியில் லண்டனும் தில்லியும் செலவைப் பிரித்துக்கொண்டன. இந்தியாவைக் காப்பதற்கான செலவு இந்தியாவுக்கு, வெளியே போய்ச் சண்டையிடும் படையின் செலவு பிரிட்டனுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் கையில் காசு தரவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் கடனாக எழுதிவைத்தது. அந்தப் பத்திரத்தை ஈடாக வைத்து இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடித்தது. விலைவாசி எகிறியது. 1943இல் வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்ததற்கு இதுவும் ஒரு காரணம். போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 130 கோடி பவுண்டு. இந்தியாவைக் காத்ததற்கு நாங்களும் ஒரு பில் போட வேண்டும் என்று சர்ச்சில் அடம்பிடித்தார். 1944இல் உலக நாணய ஏற்பாட்டைப் பேசிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன நம் குழு இந்த பாக்கியை எழுப்பிப் பார்த்தது, பலிக்கவில்லை. அந்தக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக 1948இல் லண்டன் போய் ஒப்பந்தம் போட்டவரும் அவரே. இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கென்று 10 கோடி பவுண்டை அதில் கழித்துக்கொண்டார்கள். மறு ஆண்டே பவுண்டின் மதிப்பும் இறங்கியது.

அந்த 130 கோடி பவுண்டுக்குக் கணக்கு உண்டு. போரில் செத்த சுமார் 87,000 இந்தியச் சிப்பாய்களுக்கு எதிர்ப்பக்கத்தில் எந்தத் தொகையும் கிடையாது. நான் சொல்ல வருவது இதைத்தான், வித்யா. நாடுகள் பங்கைப் பணத்தில் பேசுவதற்குக் காரணம், எண்ண முடிவது அது ஒன்றுதான். ஐ.நா. அமைதிப்படையிலும் இதையே பார்த்தேன். பணத்தில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. ஆள் பெரும்பாலும் நாம், நேபாளம், வங்கதேசம், ருவாண்டா. 2018இல் ஒரு சிப்பாய்க்கு, அவனை அனுப்பிய நாட்டுக்கு ஐ.நா. தருவது மாதம் 1,428 டாலர் என்று விகிதம். விகிதம் போட முடிந்ததாலேயே இரண்டும் சமமாகிவிட்டது என்று ஒரு பிரமை வந்துவிடுகிறது. அந்தப் படையில் 170க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்திருக்கிறார்கள்.

எந்தக் கூட்டணியிலும் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் தப்பிக்கலாம் என்கிறாள் அம்மா. தில்லியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது கஷ்டம். 2022 மார்ச்சில் ஐ.நா. சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது வாக்களிக்காமல் இருந்த 35இல் நாமும் ஒருவர். தள்ளுபடியில் ரஷ்ய எண்ணெய் வாங்கினோம். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். சமையல் எரிவாயுவும் பஸ் கட்டணமும் தெரிந்தவன். ஆனால் பில் வராமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய்க்கான அபராதம். அடி விழுந்தது திருப்பூரில் பனியன் தைப்பவர் தலையில். எண்ணெய் வாங்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2018இல் ரஷ்யாவோடு கையெழுத்தான ஐந்து எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகளில் கடைசி இரண்டும் இந்தப் போரால் தள்ளிப்போயின. ஏஜென்டை நம்பி ரஷ்யா போய்ப் படையில் மாட்டிக்கொண்ட நம் பையன்களில் 12 பேர் இறந்ததாக 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. ஒதுங்கி நின்ற நாட்டின் பிள்ளைகள் அவர்கள்.

2026 குடியரசு நாளுக்குக் கர்த்தவ்யா பாதையில் சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தாயா? ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்கள் இருவர். மறுநாளே, பல காலமாக இழுத்துக்கொண்டிருந்த வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக அறிவிப்பு. அதற்கு முந்தைய மாதம்தான் புதின் இங்கே வந்துபோனார். இரண்டு தடவையும் மத்திய தில்லிப் பக்கம் போக முடியாதபடி போக்குவரத்து நெரிசல், அது வேறு.

இப்போது உன் விஷயம். விண்ணப்பிப்பதானால் விண்ணப்பி. ஆனால் விசா வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக மட்டும் வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியருக்குத் தரும் ஓசிஐ அட்டையோடு வர வேண்டும், அது எனக்கும் சற்று வலிக்கும், தாங்கிக்கொள்வேன். அந்த நாட்டின் பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் வேண்டும், படிவம் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரட்டும் என்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. அதே சமயம் லித்துவேனியா எல்லையில் ஏன் நிற்க வேண்டும் என்று அவன் கேட்டால், ஐந்து சதவீதம் என்று பதில் சொல்லாதே. அங்கே ஒரு ஊர் இருக்கிறது, 1940இல் சோவியத் படை வந்து பிடித்துக்கொண்ட ஊர், அங்குள்ளவர்களுக்குப் பயம் நிஜம் என்று சொல். அதற்காக நிற்கலாமா என்பதை அவன் யோசிக்கட்டும். மனசாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமையை ஜெர்மன் அரசியல் சட்டமே கொடுத்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல். மாப்பிள்ளை வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

தாத்தா அவனிடம் பேசினால் நல்லது என்று கேட்டிருந்தாய். பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடச் சொல், அம்மா அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுவாள். பேசும்போது நீங்கள் இருவரும் அந்த அறையில் இருக்க வேண்டாம். அவனுக்கு என்னிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கும்.

அன்புடன்,
அப்பா