படகில் எழுதிய முகவரி: உப்புவெளி, நிலாவெளி முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கெஸ்ட் ஹவுஸ், சாப்பாட்டுக் கடை, புறாமலைத் தீவுக்குப் படகு என்று தொழில் நடத்தும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். திருகோணமலை உவர்மலையிலிருந்து ஸ்கூட்டியில் மடிக்கணினியோடு வந்து இறங்கும் "வெப்சைட் செய்யிற பிள்ளை" நான்தான். 2019 மாசியில் இந்த வேலையைத் தொடங்கினேன், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு இரண்டு மாதம் முந்தி. நேரம் பார்த்துத் தொடங்குவது என்றால் அதுதான்.

வேலை கேட்டு இதை எழுதவில்லை, வேலை இருக்கிறது. பங்குனி பிறந்தால் போதும், எல்லோரும் ஒரே கேள்வியோடு போன் எடுக்கிறீர்கள்: "பிள்ளை, ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு முடியும்?" அந்தக் கேள்வியே பிழை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மடல்.

போன பங்குனியில் நிலாவெளியில் ஒருவர் வீட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம், வாசித்தால் அவருக்கே விளங்கும். நாலு அறை, இரண்டு பைபர் படகு. படகு இரண்டும் கரையில் ஏற்றி வைத்திருந்தன, பக்கவாட்டில் நீலப் பெயின்டில் சாண் உயர எழுத்தில் வெப்சைட் முகவரி. தளத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தார், நானும் படகைப் பார்த்து அந்த முகவரியைப் போனில் அடித்தேன். ஏதோ விளங்காத மொழியில் ஒரு சூதாட்டப் பக்கம் திறந்தது. நடுவில் ஒரு சில்லு சுழல்கிறது, கீழே பொற்காசு கொட்டுகிறது. அண்ணன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு "இது எங்கட இல்லையே பிள்ளை" என்றார். அவருடையதாக இருந்ததுதான். எப்போதிலிருந்து இல்லை என்பது அவருக்கும் தெரியாது. இந்தப் படகில் வெள்ளைக்காரர் எத்தனை பேரைப் புறாமலைக்குக் கொண்டுபோயிருப்பார், அவர்களில் எத்தனை பேர் படகைப் படம் எடுத்து, ஊருக்குப் போய் அந்த முகவரியை அடித்துப் பார்த்திருப்பார்கள்!

நடந்தது இவ்வளவுதான். சில வருடத்துக்கு முன் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் 15,000 ரூபாவுக்குச் செய்து கொடுத்திருக்கிறான். டொமைனை, அதாவது அந்த முகவரிப் பெயரை, தன் மின்னஞ்சலில், தன் கார்ட்டில் பதிந்திருக்கிறான். கெட்ட எண்ணத்தில் இல்லை, அண்ணனிடம் அப்போது கார்ட்டும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. பிறகு பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான், கார்ட் காலாவதியானது, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தன. டொட் கொம் பெயர் ஒன்று தவணை முடிந்த அன்றே பறிபோவதில்லை. பதிவு செய்த கொம்பனியைப் பொறுத்துச் சில கிழமை பொறுப்பார்கள், அதற்குப் பிறகும் தண்டக்காசு கட்டி மீட்கப் பொதுவாக இன்னொரு 30 நாள் இருக்கிறது, அதையும் விட்டால் பெயர் சந்தைக்கு வரும். வந்ததும் அள்ளிக்கொண்டு போவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் பழைய பெயருக்கு ஏற்கெனவே ஆள்நடமாட்டம் இருக்கும். அண்ணன் வருடக்கணக்கில் படகில் எழுதி ஓட்டிச் சேர்த்த நடமாட்டம் இப்போது அந்தச் சில்லுக்காரனுக்கு.

வீடு கட்டும்போது காணி உறுதியை மேசன் பெயரில் எழுதுவீர்களா? திருகோணமலையில் இருந்துகொண்டு உறுதியின் அருமையை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டொமைன்தான் உறுதி. டொட் கொம் ஒன்றுக்கு வருடம் பத்துப் பதினைந்து டொலர்தான் முடியும், அதை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், உங்கள் கார்ட்டில் பதிய அரை மணித்தியாலம் போதும். கார்ட் இல்லையென்றால் மகளுடையதோ மருமகனுடையதோ, ஆனால் வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

சரி, விலைக்கு வருவோம்.

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் மாதிரித் தளங்கள் வந்தபின் கோட் எழுதத் தெரியாமலே வெப்சைட் கட்டலாம் என்பது உண்மை. நானும் கோட் எழுதுவதில்லை, இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியை இழுத்துப் போட்டு, எழுத்தை மாற்றி, படத்தை வைத்து, ஐந்து பக்கத்தை இரண்டு நாளில் அடுக்கிவிடுவேன். நீங்கள் கணக்குப் போடுவது அந்த இரண்டு நாளைத்தான். வெயிலில் நின்று வேலை செய்யிற மேசனுக்கே நாளுக்கு இவ்வளவுதானே, பேன் காற்றில் இருந்துகொண்டு செய்யிற பிள்ளைக்கு ஏன் கூட என்று கேட்கிறீர்கள். ஒருவர் நேரேயே கேட்டார், கேட்டுவிட்டுத் தேத்தண்ணியும் தந்தார்.

அந்த இரண்டு நாளுக்கு முன்னால் மூன்று கிழமை இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. படம் அனுப்புங்கள் என்றால் வட்ஸ்அப்பில் நாற்பது படம் வரும், சுருங்கி மங்கிப் போய். அதில் பாதியில் கொடியில் காயும் சாறம் தெரியும். அறை வாடகை என்ன என்று கேட்டால் "அது ஆளைப் பார்த்துச் சொல்லலாம்" என்பீர்கள். அதை நான் எந்தப் பெட்டிக்குள் போடுவது? சாப்பாட்டுப் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்து தருவார் ஒருவர், திறந்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், அதை இணையத்தில் வாசிக்கக்கூடிய யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதில் வந்த பிழைகளைக் கையால் திருத்தவேண்டும். ஆங்கிலத்தில் "புக் நவ்" என்று அடக்கமாக நிற்கும் பொத்தானுக்குள் "இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" என்று போட்டுப் பாருங்கள், போனில் இரண்டு வரியாக உடைந்து வெளியே வழியும், ஏனென்றால் அந்தத் தளங்கள் ஆயத்தமாகத் தரும் வார்ப்புருவைச் செய்தவர் தமிழை நினைத்துச் செய்யவில்லை. தலைப்பு எழுத்துகளை அழகுக்காகத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள், தமிழில் அது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். சிங்களத்திலும் போடவேண்டும், கொழும்பிலிருந்து சனி ஞாயிறு வருபவர்களை விடமுடியாதே. இதெல்லாம்தான் வேலை, இழுத்துப் போடுவது கடைசி வேலை.

என் விலையை ஒளிக்கவில்லை: ஒரு மொழியில் ஐந்து பக்கத்துக்கு 60,000, மூன்று மொழியில் 95,000. விக்ஸ் மாதிரித் தளத்துக்குக் கட்டும் சந்தா இதில் சேராது, அது நீங்கள் நேரே கட்டுவது, டொலரில். 2022 பங்குனித் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது, வைகாசியில் 360ஐத் தொட்டது. மாதம் 15 டொலர் சந்தா என்றால் 3,000 ரூபா 5,400 ஆனது, தளத்தில் ஒரு எழுத்துக்கூட மாறாமல். அந்த வருடம் சந்தாவையும் சேர்த்து ஒரே ரூபா விலை பேசியிருந்த மூன்று பேருக்கு நான் கையிலிருந்து கட்டினேன், அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் இல்லை. முதல் வருடத்தின் விலையை மட்டும் சொல்கிறவரிடம் இரண்டாம் வருடத்தின் விலையைக் கேளுங்கள். வருடச் சந்தா கட்டினால் முதல் வருட டொமைன் இலவசம் என்பார்கள், அடுத்த வருடம் அதற்கும் சேர்த்து பில் வரும்.

60,000 கூடுதல் என்று தோன்றினால் இதையும் எண்ணிப் பாருங்கள். புக்கிங் டொட் கொம் போன்ற முன்பதிவுத் தளங்களுக்கு நீங்கள் கொடுக்கும் கொமிஷன் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவில். 12,000 ரூபா அறைக்கு இரவுக்கு 1,800 போகிறது. அதைப் பற்றி ஒருவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் கழிவதாலோ என்னவோ. உங்கள் சொந்தத் தளத்தில் நேரே வந்து முப்பத்துநாலு இரவு விற்றால் என் காசு வந்துவிட்டது. கார்ட்டில் காசு வாங்கினால் அந்தக் கட்டணம் கொஞ்சம் கழியும், அதையும் சொல்லிவிடுகிறேன். வராமலும் போகலாம். வெப்சைட் வைத்தவுடன் ஆட்கள் வரிசையில் வருவார்கள் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தையும் போன் இலக்கத்தையும் சரியாகப் போட்டு வைப்பது பல இடங்களில் அதைவிட உதவும், அதற்கு ஒரு சதமும் இல்லை.

இப்போது புதிதாக ஒன்று: "மருமகன் ஏஐயில அஞ்சு நிமிஷத்தில செய்து காட்டினவன்." பார்த்தேன், உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத நீச்சல் குளம் ஒன்று அதில் இருந்தது, மாலைதீவில் தண்ணீருக்கு மேல் கட்டும் குடில் மாதிரி ஒரு படம், "வருடம் முழுவதும் புறாமலைப் பயணம்" என்று ஒரு வரி. வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் புறாமலைக்கு எந்தப் படகு போகும்? ஏஐக்கு நம்முடைய கடல் தெரியாது, சித்திரைக்குப் பிறகுதான் தண்ணீர் தெளியும், புரட்டாசியோடு சீசன் முடியும் என்று யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும். மருமகனுக்கு அது தெரிந்திருந்தால், ஆறுதலாக இருந்து திருத்துவான் என்றால், அவனிடமே கொடுங்கள். எனக்குக் கோபமில்லை. நாலு அறைக்கு அது போதும். அவனுக்கும் காசு கொடுங்கள், அவ்வளவுதான்.

காசு என்றதும் ஆள் எடுக்கும் கதைக்கு வரவேண்டும், எனக்கு உள்ளபடியே எரிச்சல் அதில்தான். "முதல் ஒரு பக்கம் செய்து காட்டு, பிடித்தால் பார்ப்போம்." இதை மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் சொல்வது, மூன்று பேரும் இரவிரவாக இருந்து செய்வது, பிறகு ஒன்றைப் பார்த்து இன்னொருவர் பாதி விலைக்குச் செய்வது. எனக்கும் நடந்திருக்கிறது, நான் எழுதிய வசனம் எழுத்துப்பிழையோடு அப்படியே இன்னொரு தளத்தில் இருக்கிறது, போகும்போதெல்லாம் பார்த்துக்கொள்வேன். நகரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏன் உங்கள் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்களா? பைவர் என்ற இணைய வேலைச் சந்தையில் 100 டொலருக்கு வேலை செய்தால் 20 டொலரை அந்தத் தளம் எடுத்துவிடும். எடுத்தாலும் அங்கே போகிறார்கள், ஏனென்றால் முகம் தெரியாத வெள்ளைக்காரன் வேலை தொடங்க முன்னமே காசைக் கட்டுகிறான். பக்கத்துத் தெரு மாமா சீசன் முடியத் தருகிறேன் என்கிறார்.

செய்ததைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்பீர்கள், ஞாயம்தான். ஏற்கெனவே செய்த இரண்டு தளத்தைக் கேளுங்கள், அவருடைய கணினியில் அல்ல, உங்கள் போனில், டேட்டாவில் திறந்து பாருங்கள். அந்த முதலாளிக்கு ஒரு போன் போட்டு, போன சீசனில் ஏதாவது உடைந்தபோது எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு முற்பணம், பக்கங்கள் தயாரானதும் ஒரு பங்கு, உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்ததும் மிச்சம். எத்தனை தடவை திருத்தம் என்பதை முதலிலேயே பேசுங்கள், நான் இரண்டு தடவை என்பேன், ஐந்தாவது தடவையும் சிரித்துக்கொண்டே செய்வேன், அது வேறு கதை. விக்ஸில் என்றால் கணக்கை உங்கள் பெயரில் திறந்து, செய்கிறவரை உள்ளே சேர்த்துவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம். விக்ஸில் கட்டியதை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்கமுடியாது, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், சொந்தமாக ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) எடுத்துக் கட்டினால் முடியும், ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். எஞ்சின் மாதிரித்தான், சீசனுக்கு முன் சேர்விஸ் செய்யாமல் கடலுக்கு இறக்கமாட்டீர்களே.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லாவிட்டால் சரியில்லை. முதலாளி கைவிட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். களவாக எடுத்த வேர்ட்பிரஸ் வடிவமைப்பை (தீம்) போட்டுக் கொடுத்து முழு விலை வாங்குபவர்களும் இருக்கிறார்கள், பிறகு அதற்குள்ளால் யாரோ புகுந்து தளம் படுத்தால் போன் எடுக்கமாட்டார்கள். நானும் தொடக்கத்தில் இரண்டு பேரின் டொமைனை என் கணக்கில் பதிந்தேன். போன வருடம்தான் கடைசியாக மாற்றிக் கொடுத்தேன், அதில் ஒருவர் "ஏன் பிள்ளை, எங்களை விட்டுப் போறியா" என்று கேட்டார்.

நிலாவெளி அண்ணனுக்குப் புதிய பெயர் எடுத்தோம், பழையதுபோல ஆனால் கடைசியில் ஒரு சொல் கூட. அவர் பெயரில்தான். புதிய தளத்துக்கு முற்பணம் கேட்டபோது வழமைபோல "எங்க ஓடிப் போகப்போறம் பிள்ளை, வேலையை முடி" என்றார், நானும் விட்டுவிட்டேன். போன கிழமை அந்தப் பக்கம் போனேன். படகின் பழைய முகவரிக்கு மேல் வெள்ளைப் பெயின்ட் பட்டையாக அடித்திருந்தது, காய்ந்ததும் புதியதை எழுத ஆள் வருவாராம். எழுதுகிற ஆள் பாதிக் காசை முதலில் கேட்டாராம். அண்ணன் அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து, வெப்சைட் செய்யிற பிள்ளை