ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கரையும் என் ஆத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனஅழுத்தம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே படித்தேன். மூச்சுப் பயிற்சி, நடை, நல்ல தூக்கம் என்று அதில் சொல்லியிருந்த எல்லாம் சரிதான். ஆனால் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுகிற ஒன்று அதில் விடுபட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரமாக ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு மெசின், ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான். மெசின் வாங்குவதற்காகக் கிழமைக்கடன் எடுத்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் காசு கட்ட வேண்டும். செவ்வாய் பின்னேரமே எனக்குத் தோள் இறுகிவிடும், நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. மகன் பென்சில் கேட்டால் ஏச்சு. மாமி மருந்துச் சரையைத் தேடித் தரச் சொன்னால் அதற்கும் ஏச்சு. பிறகு இரவில் படுத்துக்கொண்டு, ஏன் அப்படிப் பேசினேன் என்று அழுவேன்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை, கட்ட வேண்டிய காசில் 800 ரூபா குறைந்திருந்தது. கடையைப் பூட்டப் போகிற நேரம் ஒரு ஆச்சி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை கட்டையாகிவிட்டது. "கரையைப் பிரிச்சு இறக்கித் தாறியா பிள்ளை, காசு வெள்ளிக்கிழமை தாறன்" என்றார். "பிறகு வாங்கோ ஆச்சி" என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையோ சட்டையைக் கீழே இழுத்து இழுத்து முழங்காலை மறைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபின் என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. இருவரையும் கதிரையில் இருக்கச் சொன்னேன்.

கரையைப் பிரித்து, அயன் பண்ணி, திரும்ப அடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு மங்கல் கோடு. எவ்வளவு அயன் பண்ணியும் போகவில்லை. அந்தக் கோட்டின்மேல் மெல்லியதாக ஒரு மடிப்பு வைத்துத் தைத்தேன், அலங்காரத்துக்குத் தைத்தது போலவே இருந்தது. பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. "காசு வேண்டாம் ஆச்சி" என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் கவனித்தேன், என் தோள் இறங்கியிருந்தது. 800 ரூபா அப்படியே குறைவாகத்தான் இருந்தது, கடனிலும் ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அன்றிரவு மகனுக்குப் பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்தநாள் காசு வாங்க வந்தவரிடம் இவ்வளவுதான் இருக்கிறது, மிச்சம் வாற கிழமை என்று நேராகச் சொன்னேன். அவர் சத்தம் போட்டார். என் கை நடுங்கவில்லை.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஒரு வேலையைக் காசில்லாமல் செய்கிறேன். ஒரே ஒரு வேலைதான். தெறி வைப்பது, புத்தகப்பை வார் தைப்பது, சிப் மாற்றுவது. முழுச் சட்டை தைத்துக் கொடுக்க எனக்கு வசதியில்லை, அப்படிச் செய்யத் தேவையும் இல்லை.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளிடம் இதைச் சொன்னபோது, இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள் அம்மா என்று தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவில் 18 முதல் 44 வயது வரையான 77 பேரிடம் 14 நாட்களாக, நாள் முடிவில், இன்றைக்கு என்ன நெருக்கடி வந்தது, யாருக்காவது உதவினீர்களா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். 2015இல் முடிவு வெளிவந்திருக்கிறது. வழக்கத்தைவிடக் கூடுதலாக உதவிய நாட்களில், நெருக்கடி வந்தும் அவர்களின் மனம் அவ்வளவாகச் சோரவில்லை. உதவி குறைந்த நாட்களில் நெருக்கடி கூடுதலாகத் தாக்கியிருக்கிறது. அவர்கள் உதவி என்று கணக்கெடுத்ததில் ஒருவருக்குக் கதவைத் திறந்துபிடிப்பதும் அடக்கம். 77 பேர் என்பது சின்னத் தொகைதான், அவர்களின் வாழ்க்கை எங்களுடைய வாழ்க்கையும் அல்ல. ஆனாலும் எனக்கு அது பொய்யாகப் படவில்லை. என் மூளை பின்னேரம் முழுக்க ஒரே கணக்கைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. அந்த அரை மணித்தியாலம் கையும் கண்ணும் வேறொருவருடைய தேவைக்குப் பின்னால் போனதில் அது சற்று ஓய்ந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2009இல் நான் நாலு வயது மகளோடு, போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தேன். தண்ணீருக்கு நீண்ட வரிசை. எனக்குக் காய்ச்சல் கண்டிருந்த நாட்களில் பக்கத்துக் கூடாரத்து அக்கா தன்னுடைய வாளியோடு என்னுடைய வாளியையும் கொண்டுபோய் நிரப்பி வருவார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். "உங்களுக்கு ஏனக்கா இந்தக் கரைச்சல்" என்று ஒருநாள் கேட்டேன். "சும்மா இருந்தா எனக்குத் தலை வெடிச்சிடும் தங்கச்சி" என்றார். அவர் என்மேல் இரக்கப்பட்டுச் செய்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஒவ்வொரு செவ்வாயும் அவரை நினைக்கிறேன்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. வன்னியில் எத்தனையோ பெண்கள் காயப்பட்ட கணவனையும் வயது போனவர்களையும் பிள்ளைகளையும் ஒற்றையாளாகத் தாங்குகிறார்கள். அவர்களிடம் போய் "இன்னும் அன்பாக இரு, மனம் லேசாகும்" என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு மற்றவர்கள்தான் செய்ய வேண்டும். ஒருநாள் மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் கிடைத்தாலே அந்தப் பெண் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடிப்பாள். நான் சொல்கிற உதவி சின்னதாக, விரும்பிச் செய்வதாக இருக்க வேண்டும். முடியாத நாளில் "இண்டைக்கு ஏலாது" என்று சொல்லவும் வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன்.

வட்டி அநியாயமாக இருந்தால் அதைத் திருத்த வேண்டியவர்கள் திருத்தத்தான் வேண்டும். தெறி தைத்துக் கடன் தீராது. அதேபோல், கிழமைக்கணக்காகத் தூக்கமில்லாமல், வாழவே பிடிக்காமல் இருக்கிறவர்கள் தயவுசெய்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

கடைசியாக, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மெசின் வைத்திருக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். புதுத் தவணை தொடங்குவதற்கு முந்திய கிழமை, ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்காவது காசில்லாமல் கரை இறக்கிக் கொடுப்போமா? பழைய மடிப்புக் கோட்டை மறைக்கிற அந்தத் தையல் தெரியாதவர்கள் எந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரமும் என் கடைக்கு வரலாம், காட்டித் தருகிறேன். இரண்டாவது கதிரை சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி ஒருவர்,
விசுவமடு.