கட்டுவிரியனுக்கு வழி விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அடைமழையில் வயல் நிறைந்தால் எலி வளையெல்லாம் மூழ்கிவிடும். எலி வீட்டுக்குள் வரும், அதன் பின்னாலேயே பாம்பும் வரும். போன வாரம் விடியற்காலையில் அடுப்படி அங்கணத்து ஓட்டையில் ஒரு கட்டுவிரியன் பாதி உடம்பை நுழைத்திருந்தது. கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள், ஈரத்தில் அப்படியொரு மினுமினுப்பு. நாலடி தள்ளிப் பேரன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடித்துப் போகும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

போன வருஷம் பூராவும் பூண்டு கரைத்துத் தெளித்தேன், பலனில்லை. இப்போது எல்லா ஓட்டைக்கும் இரும்புச் சல்லடை, கதவடியில் ரப்பர் பட்டை. வைக்கோல் போரையும் கொல்லைக் கோடிக்கு மாற்றியாச்சு.

இந்தப் பாம்பு இரவில்தான் அலையும். கடித்தாலும் பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. எறும்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். அப்புறம், எலி தின்னும் சாரையை அடிக்காதீர்கள், அதற்கு விஷமில்லை.

அரசு கட்டித்தரும் வீடுகளில் தண்ணீர் போகும் குழாய்க்குச் சல்லடை போட்டே கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம்