எட்டு நடை ஓட்டினேன், ஒரு நடை நடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை அனுப்பானடியிலிருந்து எழுதுகிறேன். 33 ஆண்டுகள் அரசு டவுன் பஸ் ஓட்டி 2021-ல் ஓய்வு பெற்றவன். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எந்த மாத்திரை, எந்தப் பரிசோதனை, என்ன சாப்பிடலாம் என்று விரிவாக எழுதிவிட்டு, கடைசி வரியில் 'தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்வது நல்லது' என்று முடிக்கிறார்கள். அந்த வரி கடைசியில் இருப்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. நம் வீடுகளிலும் அது கடைசியில்தான் இருக்கிறது.

சென்ற மாதம் என் அண்ணன் மகன் வந்திருந்தான். வயது 36, வாடகைக் கார் ஓட்டுகிறான். வெறும் வயிற்றில் சர்க்கரை 112 என்று ரிப்போர்ட்டைக் காட்டினான். "நடக்க ஆரம்பிப்பா" என்றேன். "சித்தப்பா, நேரம் எங்க இருக்கு?" என்றான். இதே பதிலை நான் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அவன் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பஸ்காரர்கள் ஒரு ட்ரிப்பை 'நடை' என்போம். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் போனால் ஒரு நடை, திரும்பினால் இன்னொரு நடை. ஒரு டூட்டிக்கு எட்டு நடை போவேன். விடியற்காலை முதல் வண்டி என்றால் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இன்ஜின் சூடு, இடது கால் கிளட்ச்சில், வலது கால் மாறி மாறி பிரேக்கிலும் ஆக்சிலேட்டரிலும். சாயங்காலம் இறங்கும்போது உடம்பெல்லாம் வலிக்கும். அந்த வலியை நான் உழைப்பு என்று நினைத்தேன். 'இவ்வளவு உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?' என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். உடம்பு களைத்துப் போவது வேறு, உடம்பு வேலை செய்வது வேறு என்பது அப்போது தெரியவில்லை. எட்டு மணி நேரமும் நான் உட்கார்ந்தே இருந்தேன். ஓடியது வண்டிதான்.

என்னுடன் பதினோரு வருடம் ஒரே நடத்துநர் வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடைசி சீட்டில் உட்கார்ந்தபடியே கை மாற்றிக் காசு வாங்கும் நடத்துநர்களும் உண்டு. இவர் அப்படி இல்லை. எவ்வளவு கூட்டமானாலும் முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருப்பார். இருவரும் ஒரே கடையில் பரோட்டா சாப்பிட்டோம், ஒரே டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக டீ குடித்தோம். 2012-ல் மருத்துவ முகாமில் எனக்குச் சாப்பிட்ட பின் சர்க்கரை 284. அவருக்கு 130. இன்றும் அவருக்குச் சர்க்கரை இல்லை.

இரண்டு பேரை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாதுதான். ஆனால் என் மகள் பிசியோதெரபி படித்தவள். இந்தக் கதையை நான் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "அப்பா, இதைத்தான் லண்டன் பஸ்ஸில் ஆராய்ச்சி செய்தார்கள்" என்றாள். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடி பஸ்களில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினாராம். நடத்துநர்கள் ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை ஏறினார்கள். ஓட்டுநர்கள் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார்கள். மாரடைப்பு நடத்துநர்களுக்கு ஓட்டுநர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும் திடீர் மரணம் பாதி அளவுதான். ஒரே வண்டி, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே சம்பளம்.

'குண்டான ஆட்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ என்னவோ?' என்று நான் கேட்டேன். சரியான கேள்விதான் என்றாள். மோரிஸே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்களுக்கு ஆரம்பத்திலேயே இடுப்பளவு கொஞ்சம் அதிகமாக இருந்தது என்று எழுதினாராம். அதோடு விடவில்லை. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் உட்கார்ந்து வேலை பார்க்கும் எழுத்தர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் நடப்பவர்களுக்குத்தான் இதயம் நன்றாக இருந்தது. அப்புறம், நாற்காலியை விட்டு எழாத அரசு அலுவலர்களை எடுத்துக்கொண்டார். அவர்களில் வேலை நேரம் போக மூச்சு வாங்கும்படி உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1973-ல் எழுதினார். எனக்கு நம்பிக்கை தந்தது இந்தக் கடைசிச் செய்திதான். உட்கார்ந்து செய்யும் வேலை நம் தலையெழுத்தாக இருக்கலாம். அதை வெளியே ஈடுகட்ட வழி இருக்கிறது.

ஆனால் 2012-ல் இதெல்லாம் தெரியாது. டாக்டர் நடக்கச் சொன்னார். இருபது நாள் நடந்தேன், விட்டுவிட்டேன். 'ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்' என்றேன். 2016-ல் கால் கட்டைவிரலில் ஷூ கடித்து ஒரு சிறு புண். இரண்டு மாதம் ஆறவில்லை. மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 9.6 சதவீதம் காட்டியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் விரல் எடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரும் டிரைவர், லாரி ஓட்டியவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கால் போனால் ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பது?

புண் ஆறியதும் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். முதல் நாள் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு தடவை கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். அப்போது குளத்தில் தண்ணீர் இல்லை, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினேன். ஆறு மாதத்தில் நான்கு சுற்று வந்தது. அடுத்த வருடம் சராசரி சர்க்கரை 7.1. மாத்திரையை நிறுத்தவில்லை, யாரையும் நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஆனால் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

இதில் பெரிய பாடம் ஓய்வு பெற்ற பிறகுதான் கிடைத்தது. டூட்டியில் இருந்தவரை நடையை விடாத நான், வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது விட்டுவிட்டேன்! நாள் முழுக்க நேரம் இருந்தது. 'வெயில் தாழட்டும்', 'பேங்குக்குப் போய்விட்டு வந்து', 'இன்றைக்குக் கல்யாணம்' என்று நான்கு மாதம் போய்விட்டது. சர்க்கரை பழையபடி ஏறியது. நேரம் இல்லாததால் விடுவதில்லை, அதற்கென்று ஓர் இடம் வைக்காததால் விடுகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. 33 வருடத்தில் முதல் வண்டியை நான் தாமதமாக எடுத்ததே இல்லை. காரணம், டைம் அட்டையில் 4.40 என்று எழுதியிருக்கும். மழையோ காய்ச்சலோ, 4.40-க்கு வண்டி நகர வேண்டும். என் உடம்புக்கு அப்படி ஓர் அட்டை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதி வைத்திருக்கிறேன். 5.30 தெப்பக்குளம், மாரியம்மன் கோயில் வாசல். மற்ற வேலைகளை அதற்குப் பிறகு அடுக்கிக்கொள்கிறேன்.

'ஞாயிற்றுக்கிழமை சேர்த்து நடந்துவிடுகிறேன்' என்று சிலர் சொல்கிறார்கள். என் மகள் சொல்லித் தந்ததை அவர்களுக்குச் சொல்கிறேன். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் நிற்கும். அதனால்தான் சர்க்கரைக்காரர்கள் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் சேரும்.

என் அண்ணன் மகனைப் போல் சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம். சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோயாக மாறுவது கால் பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இரண்டும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு வேலை செய்கிறது இந்த நடை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி. 'விடிஞ்சதுல இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கேன், இதுக்கு மேல என்ன நடை?' என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடப்பதால் தொடைத் தசைக்குப் பலம் ஏறவில்லை, வலிதான் ஏறியது. மகள் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி அம்மாவின் கணுக்காலில் கட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்க வேண்டும். காலுக்குப் பத்துத் தடவை. இரண்டு மாதம் கழித்து மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறினாள். இப்போது தெருவில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நடக்கப் போகிறாள். அந்த நேரத்தில் காபி போடுவதும் பாத்திரம் கழுவுவதும் என் வேலை. அந்த வேலையை யாரும் வாங்கிக்கொள்ளாமல் பெண்களை நடக்கச் சொல்வது வெறும் பேச்சு. 2024-ல் வந்த ஓர் உலக ஆய்வின்படி, நம் நாட்டில் போதிய உடல் அசைவு இல்லாத ஆண்கள் 100-க்கு 42 பேர், பெண்கள் 57 பேர். இது சோம்பேறித்தனத்தால் வந்த வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை.

புதிதாக நடக்க வருபவர்களுக்கு அனுபவத்தில் ஒன்றிரண்டு: சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு அழுத்தினால் நின்றுவிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். உடற்பயிற்சியைப் பற்றி எழுதும்போது காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போக முடிந்தவர்களை மட்டும் மனதில் வைத்து எழுத வேண்டாம். டிரைவர்கள், தையல் தொழிலாளிகள், இரவுக் காவலாளிகள், கல்லாவில் உட்காருபவர்கள், இவர்கள் எந்த நேரத்தில், எந்த இடத்தில் எப்படிச் செய்யலாம் என்று டாக்டர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் கேட்டு எழுதுங்கள். பஸ் நிலையத்தில் ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

அண்ணன் மகன் திங்கட்கிழமை தெப்பக்குளத்துக்கு வந்தான். செவ்வாயும் வந்தான். புதன்கிழமை வரவில்லை. விடியற்காலையில் ஏர்போர்ட் சவாரியாம். மதியம் போன் செய்தான். சாப்பிட்டுவிட்டு, காரை மர நிழலில் நிறுத்தி, இருபது நிமிடம் நடந்தானாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
அனுப்பானடி, மதுரை.